விளக்கு எரிந்தது எதனால்?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களிடம் ஆற்றிய உரை)



சென்ற ஐப்பசி மழையில் பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் திரும்பினேன். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் ஏ.பி.எஸ். விளக்கும், சறுக்கல் தடுப்பு விளக்கும் சேர்ந்தே எரிந்தன. பிரேக் வழக்கம்போல் பிடித்தது. ஆனால் ஈரச் சாலையில் சட்டென அழுத்தினால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கலாம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது அதற்காகத்தான்.

முதலில் காட்டிய இடத்தில், “கன்ட்ரோல் யூனிட் போயிருக்கும், மாத்திரலாம்” என்றார்கள். ஒரு மாதச் சம்பளம் போய்விடும். மனம் ஒப்பாமல், தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். ஸ்கேனரில், வலது பின்சக்கர வேக சென்சார் என்று கோடு வந்தது.

“அப்போ சென்சாரை மாத்திரலாமா அண்ணாச்சி?”

“பொறுங்க சார். கோடு இடத்தைத்தான் சொல்லும். காரணத்தை நாமதான் தேடணும்லா.”

நான்கு சக்கரத்திலும் வேக சென்சார் உண்டு. பழைய வகையில் பல்வளையம் காந்தச் சுருளருகே சுழன்று மின்னழுத்தம் உண்டாக்கும்; நாம் நடத்தும் மின்காந்தத் தூண்டல்தான். இரண்டு அமைப்புகளும் அதே நான்கு அளவுகளை நம்புகின்றன. ஒன்று பொய்த்தால் இரண்டும் ஒதுங்கிவிடும்.

வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லி ஸ்கேனரைப் பார்த்தார். மூன்று சக்கரம் 20 கிலோமீட்டர் காட்ட, நான்காவது விட்டுவிட்டுச் சுழியமானது. “விட்டுவிட்டு வருது, முதல்ல இணைப்பைப் பார்ப்போம்” என்று கனெக்டரைக் கழற்றினார். மழைநீர் புகுந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டி, கோடை அழித்து, மறுபடி ஓட்டிப் பார்த்தார். நான்கும் 20. அதன்பிறகே “முடிஞ்சது” என்றார். கோடை மட்டும் அழித்திருந்தால் விளக்கு திரும்பவும் எரிந்திருக்கும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி பெயருக்கு நேரே ‘கழித்தல் வராது’ என்று எழுதி வைத்திருந்தேன். அதுவும் ஒரு கோடுதானே? மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போடச் சொன்னேன். மற்ற கணக்கெல்லாம் சரி. 402-இல் 178 போக 134 என்றாள். நடுவில் சுழியம் வந்தால் மட்டும், பத்தைத் தாண்டி நூறிடம் நேராகக் கடன் வாங்குகிறாள்! மணிச்சட்டத்தில் நூறைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் காட்டினேன். இரண்டே நாளில் 224 வந்தது.

இரண்டு பருவம் அவளைக் கழித்தல் தெரியாதவள் என்றே நடத்திவிட்டேன். மதிப்பெண் இடத்தைச் சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.