வெள்ளம் வடிந்த பின் குப்பை எங்கே போகும்?

(புந்தோங் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளம் என்றால் அரிசியைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் தண்ணீர் வடிந்ததும் வாசலில் குவியும் குப்பையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் நேர்ந்ததை நாடே கண்டது. நம்மவர் பலர் வாழும் இடம் அது. மெத்தை, அலமாரி, குளிர்ப்பெட்டி எல்லாம் சேறு படிந்து தெருவோரம் மலையாய்க் குவிந்தன. அள்ளி முடிக்கப் பல நாட்கள் பிடித்தன. குப்பை கிடந்தால் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நின்றால் எலிக் காய்ச்சல் வரும். அது உயிரையும் வாங்கும்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டில் பெயர் வாசித்து, யாருக்கு எந்த நிரை என்று சொல்லிவிடுகிறோம். வெயில் ஏறிய பின் நிரை தேடினால் பால் கிடைக்குமா? குப்பைக்கும் அப்படியே முன்கூட்டி இடம் குறிக்கவேண்டும்.

நம்மைச் சுற்றிப் பழைய ஈயக் குட்டைகள் உண்டு. அதில் தள்ளினால் கண்ணுக்கு மறையும், நஞ்சு மறையாது. புக்கிட் மேரா ஆலை 1982-இல் தொடங்கியது. அதன் கதிரியக்கக் கழிவைத் தங்கள் ஊரருகே வைக்கக்கூடாதென்று பாப்பான் மக்கள் 1984-இல் போராடினார்கள். கழிவுக்கு இடம் பிறகு பார்க்கலாம் என்பது ஏழைகள் தலையில்தான் வந்து விழும்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு:

1. ஆற்றுக்கும் குட்டைக்கும் விலகி, லாரி போகக்கூடிய மேட்டு நிலமொன்றை ஈப்போ மாநகர் மன்றம் இப்போதே குறிக்கவேண்டும்.

2. மருந்து டின், பேட்டரி, கேஸ் தோம்பு ஆகியவற்றைத் தனியே வைக்கவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காமல், நனைத்து எடுக்கவேண்டும்.

3. அள்ளும் தொழிலாளிக்குப் பூட்ஸ், கையுறை, ஓவர்டைம் சம்பளம் மூன்றும் கிடைக்கவேண்டும்.

4. எந்தக் குடும்பமும் பொருளை எறியுமுன் படம் பிடித்துப் பட்டியல் எழுத அவகாசம் வேண்டும். அதுவே உதவி கேட்கச் சாட்சி.

கிராணிமார்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. ஸ்டோர் சாவி எங்கள் கையில். களைக்கொல்லி எத்தனை டின், பார்மிக் அமிலம் எத்தனை என்பது எங்களுக்குத்தான் தெரியும். அவற்றை மேட்டில் ஏற்றிவைத்து, கணக்கை மழைக்காலத்துக்கு முன்பே கிளையிடம் ஒப்படைக்கிறோம்.

தோழர்களே, அடுத்த மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. இந்தத் தீர்மானத்தை இன்றே நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.