கல்லறை இல்லாத குழந்தைக்கு ஒரு மெழுகுதிரி

(வானொலியில் ஆற்றிய மறையுரை)



கடந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் மாலை. கல்லறைகளை மந்திரித்துவிட்டுத் திரும்பும்போது, சுற்றுச்சுவர் ஓரமாக ஓர் அம்மா ஏற்றாத மெழுகுதிரியோடு நின்றார். “எங்க வைக்கிறதுன்னு தெரியல சாமி” என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் மாதத்தில் இறந்து பிறந்த குழந்தை. அவர் மருத்துவமனையில் கிடக்க, கணவர் துணியில் சுற்றி எடுத்துவந்து இருட்டும் நேரத்தில் புதைத்திருக்கிறார். எந்த இடம் என்று இருவரும் அதன்பின் பேசிக்கொண்டதே இல்லை. (அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.)

அப்போது நான் பங்குக்கு வந்த புதிது. பார்க்கப் போனேன். “ஆண்டவர் அடுத்த பிள்ளையைக் கொடுப்பாரும்மா” என்று சொல்லி, செபித்துவிட்டு வந்தேன். குருமடத்தில் எட்டு ஆண்டு படித்தவன் சொன்ன ஆறுதல் அது! சீலோவில் அழுத அன்னாவைக் குடிபோதையில் இருப்பதாக நினைத்த குரு ஏலியாவது, அவர் பேசியதைக் கேட்டதும் தன்னைத் திருத்திக்கொண்டார். நான் கேட்கவே இல்லை.

அடுத்த பிள்ளை வந்தான். பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதித்தால் அம்மாவுக்குக் கை நடுங்கும். காய்ச்சல் என்றால் இரவெல்லாம் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். பயத்தில் அடித்துவிடுவார், பிறகு அழுவார். “இவன மனசார கொஞ்சினா, அதுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு சாமி.”

சிறுமலர் தெரேசாவின் தாய் செலி மார்ட்டினை நினைத்துக்கொண்டேன். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். 1873இல் கடைசியாகப் பிறந்த தெரேசாவும் நோஞ்சான். பாலூட்ட ஒரு கிராமத்துத் தாயிடம் விட வேண்டியிருந்தது. முன்பு ஒரு மகளை அப்படி விட்டுத்தான் இழந்திருந்தார். 2015இல் கணவரோடு புனிதராக உயர்த்தப்பட்ட இந்தப் பெண்ணுக்கும் பயம் இருந்தது. பயம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

“திருமுழுக்கு வாங்கலையே, அது எங்க இருக்கும்?” என்றும் கேட்டார். லிம்போ என்று பாட்டிமார் சொன்னது ஒருகாலத்து இறையியல் கருத்து. விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. இக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது மறைக்கல்வி நூல், எண் 1261. அவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையமும் எழுதியது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால், திருஅவைச் சட்டம் 1183இன்படி ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கே நடத்தலாம். அன்று நான் அனுமதி கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. மூன்று மாதத்துக்குள் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. குடம் தூக்கியதால்தான் என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுவாரம் மூவரும் வந்தார்கள். கணவர் சுவரோரம் ஒரு வேப்பமரத்தடியைக் காட்டினார். பையன் திரியை ஏற்றிவிட்டு, “அண்ணனாப்பா?” என்று கேட்டான்.

“அக்கா” என்றார் அவர். அந்த அம்மாவுக்கே அன்றுதான் தெரியும்.

இந்த ஆண்டு கல்லறைத் திருப்பலி முடிந்ததும் அந்த வேப்பமரத்தடியை மந்திரிக்கிறோம். இப்படிப் பிள்ளையை இழந்தவர்கள், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், கணவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்கத் தேவையில்லை. திரி அங்கேயே இருக்கும்.