லால்பாக்: பாறையும் பூவும்



பெங்களூரின் லால்பாக் தோட்டத்தைப் பற்றிக் கோலார் தங்கவயல் தமிழ் மக்களுக்கு எடுத்துரைப்பது எதற்கு எனச் சிலர் வினவலாம். அத்தோட்டத்தில் உங்களுக்கும் உறவுரிமை உண்டு என்பதே விடை.

1760ஆம் ஆண்டில் ஐதர் அலி இத்தோட்டத்தைத் தொடங்கினார். அவர் மைந்தர் திப்பு சுல்தான் அயல்நாடுகளினின்று செடிகளையும் விதைகளையும் வருவித்து அதனை வளர்த்தார். செடி வந்தால் மட்டும் போதுமா? மண்ணறிந்து நீர் பாய்ச்சும் கைகள் வேண்டுமன்றோ? தோட்டக்கலையில் வல்லவரான திகளர் குலத்தாரே அப்பணியை ஏற்றனர் என்பது வழிவழி வந்த செய்தி. அவர்கள் தமிழ் நிலத்தினின்று குடிபெயர்ந்தோரின் வழியினர் என்பர். பழைய கன்னடத்தில் அப்பெயரே தமிழரைக் குறித்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து உங்கள் முன்னோர் சுரங்கம் நாடி வந்ததற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, தமிழ்க் கைகள் இம்மண்ணைப் பண்படுத்தின எனலாம்.

1856இல் லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. லண்டன் மாநகரின் படிக மாளிகையை நினைவூட்டும் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். தங்கவயலில் சுரங்கத் தொழில் வேரூன்றியதும் அதே பத்தாண்டில்தான். அக்காலத்தில் தோட்டத்தைப் பேணியவர் ஜான் காமரான். இன்று நம் வீட்டுக் கூட்டிலும் சாம்பாரிலும் இடம்பெறும் சௌசௌவை, அதாவது பெங்களூர்க் கத்தரிக்காயை, இந்நாட்டில் பரப்பிய பெருமையும் அவருக்கே உரியது என்பர்.

இன்று 240 ஏக்கர் பரப்பில் அத்தோட்டம் விளங்குகின்றது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டிக் கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சி நிகழ்கின்றது. ஆயினும் தங்கவயலார் முதலில் காண வேண்டியது மலரன்று. கெம்பே கௌடர் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறையே. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு முதுமையுடைய அந்த நைஸ் பாறையை இந்திய நிலவியல் ஆய்வகம் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்துள்ளது. அவ்வகைப் பாறைகள் இருபுறமும் சூழ, நடுவே அமைந்த கரும்பாறைப் பட்டையில்தான் கோலாரின் பொன் விளைந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் உங்கள் தந்தையரும் பாட்டனாரும் துளையிட்ட நிலத்தின் பழங்கதை, லால்பாக்கில் வெயிலில் வெளிப்படக் கிடக்கின்றது.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பிழைப்புக்காக நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூர் சென்று மீள்வோர் உங்களுள் பலர். அந்நகரை வேலைக்குரிய இடமாக மட்டும் கருதற்க. ஒரு விடுமுறை நாளில் உங்கள் மக்களை அழைத்துச் செல்லுங்கள். அப்பாறைமேல் அமர்த்தி, பாட்டனாரின் உழைப்பை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். சுரங்கம் மூடினாலும் அவ்வரலாறு மூடப்படலாகாது.