கல்வெட்டு என்னும் சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற கிழமை ஒரு தம்பி என்னிடம், "ஐயா, கல்லிலே வெட்டியதுதானே கல்வெட்டு? அந்தியேட்டி வீட்டிலே கடதாசிப் புத்தகத்தைத் தந்து கல்வெட்டு என்கிறார்களே, பிழையல்லவா?" என்று கேட்டார். அக்கேள்வியே இன்று என் பேச்சுக்குப் பொருளாயிற்று.

வெட்டுதலாகிய தொழிலின் பெயர் வெட்டப்பட்ட எழுத்துக்கு ஆகி வந்தமையால் இது தொழிலாகுபெயர். சாசனம் என்னும் வடசொல்லுக்குக் கட்டளை என்பது பொருள். சாசனம் என்றால் அரசன் முன்னே நிற்கிறான். கல்வெட்டு என்றால் உளி பிடித்தவன் நிற்கிறான்.

நயினாதீவு அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் வெட்டுவித்த கல் உண்டு. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்காயின் செம்பாதி என்பது அதன் விதி. இதிலே ஐயமில்லை, கல்லேதான்.

இனித் திருகோணமலைக்கு வாருங்கள். கவிராசவரோதயர் செய்த கோணேசர் கல்வெட்டு ஏட்டிலே வழங்கிய நூல். குளக்கோட்டன் திருப்பணியையும், கோயிற்றொழும்பாளர் இன்னின்ன செய்க என்னும் முறையையும் அது சொல்லும். மாற்றலாகாத ஏற்பாடு என்று காட்டவே ஏட்டுக்கு அப்பெயர் இட்டனர் என்பது என் எண்ணம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். கோட்டை வாயிலிலே சிதைந்த தமிழ் எழுத்தோடு ஒரு கல் இன்றும் நிற்கிறது. கல் சிதைந்தது, ஏடு பிழைத்தது.

அந்தியேட்டிக் கல்வெட்டும் இவ்வழி வந்ததே. இறந்தவரின் குடிவழியும், ஆண்டு, மாதம், பக்கம், திதி அமைந்த திதி வெண்பாவும் அதில் உண்டு. புகழ்ச்சியைச் சற்றுக் கழித்தே படிக்கவேண்டும். அதிலே எல்லாரும் கொடைவள்ளல்கள்தாம்! ஆனால் திதியிலே எவரும் பொய் சொல்வதில்லை. அரசனுக்குக் கல் உண்டு. கமக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் இந்தப் பன்னிரண்டு பக்கமே உண்டு.

1995 இல் நாம் இடம்பெயர்ந்தபோது பையிலே காணியுறுதியும் பேத்தியாரின் கல்வெட்டும் வந்தன. உறுதி மழையிலே நனைந்து கரைந்தது. பேத்தியாரின் திவசத்தை இன்றும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே செய்கிறோம்.

"உம்முடைய பாட்டனாரின் கல்வெட்டு வீட்டில் இருக்கிறதா?" என்று அத்தம்பியைக் கேட்டேன். பரணிலே தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். இப்போது பின்வரிசையிலே இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் கேட்கவேண்டும்.