கொட்டாத தேள்மீன்

தேள்மீன் என்றதும், தேடி வந்து கொட்டும் மீன் என்றே தோன்றும். பெயர் செய்த அநியாயம் அது. அதன் நெருங்கிய உறவான கல்மீனைப் பாருங்கள். பவளப்பாறை இடுக்கில், பாசி படிந்த கல்லைப் போல மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். முதுகில் 13 முட்கள். ஒவ்வொரு முள்ளின் இருபுறமும் விஷப்பை, மேலே தடித்த தோல் உறை. முள்ளின் மேல் அழுத்தம் விழுந்தால்தான் உறை கீழிறங்கி, பை நசுங்கி, முள்ளில் உள்ள பள்ளம் வழியே விஷம் ஏறும். ஆக, மீன் கொட்டுவதில்லை, நாம்தான் மிதிக்கிறோம். இரை பிடிப்பதோ வாயால். சின்ன மீன் அருகே வந்ததும், கண் இமைப்பதற்குள் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். முள்ளுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒளிந்துகொள்ளத் தெரிந்த மீனுக்கு இத்தனை கொடிய விஷம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்போன்ற உருவம் கண்ணால் தேடும் எதிரியைத்தான் ஏமாற்றும். மோப்பத்தால் தேடி வரும் திருக்கையிடமும் சுறாவிடமும் அது செல்லாது. விரைந்து ஓடவும் முடியாத மீன், கவ்விய வாயை அந்தக் கணமே விடவைக்க வேண்டும். அதனால்தான் அந்த விஷம் தரும் வலி அவ்வளவு கடுமையாக இருக்கிறது.

மன்னார் வளைகுடாவிலும் கல்மீன் உண்டு. மிதித்துவிட்டால், பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு தெரியாது. அதனால் வெந்நீரை முதலில் கையால் தொட்டுப் பாருங்கள்.