அமெரிக்கப் பேரனின் மைல் கணக்கு



நம் குடியிருப்பில் பல வீடுகளுக்குப் பிள்ளையோ பேரனோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை நம் ஊர் வருமான வரியை விட்டுவிட்டு, அந்த ஊர் வரியில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. வங்கியில் வவுச்சர் சரிபார்த்தே காலம் தள்ளிய குமாஸ்தா.

என் அக்காவின் பேரன் டெக்சாஸில் ஆஸ்டின் நகரில் இருக்கிறான். அங்கேயே பிறந்தவன். பகலில் வேலை, மாலையில் கல்லூரி, மாதம் ஒரு சனி ஞாயிறு ராணுவ ரிசர்வ் பயிற்சி. பயிற்சி ஹூஸ்டனில். போக 165 மைல், வர 165 மைல். இரவு தங்கித்தான் திரும்புவான். பெட்ரோல் செலவை யாரும் தருவதில்லை.

பிப்ரவரியில் 2025-ம் ஆண்டுக் கணக்கை அனுப்பி, "தாத்தா, ஒரு தடவை பாத்துடுங்க" என்றான். பயிற்சிக்கு 12 தடவை போய்வந்த 3,960 மைல், கல்லூரிக்குப் போய்வந்த 2,000 மைல், இரண்டையும் கூட்டி ஒரே வரியில் போட்டிருந்தான்.

சட்டம் இப்படி இருக்கிறது. ரிசர்வ் அல்லது நேஷனல் கார்டு வீரர், பணிக்காக வீட்டிலிருந்து 100 மைலுக்கு மேல், அதாவது சுமார் 161 கிலோமீட்டருக்கு மேல் போய் இரவு தங்கினால், திரும்பக் கிடைக்காத பயணச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். 2003-ல் வந்த சலுகை இது. ஃபார்ம் 2106 நிரப்ப வேண்டும். சொந்தக் காருக்கு 2025-ல் மைலுக்கு 70 சென்ட். பார்க்கிங், சுங்கக் கட்டணம் தனி. 95 மைல் என்றால் ஒரு சென்ட்கூடக் கிடையாது.

கல்லூரி மைல் வேறு கதை. சம்பளக்காரர்கள் வேலை சம்பந்தமான படிப்புக்குப் போகும் செலவைக் கழிப்பது 2018 முதல் நின்றுவிட்டது. 2025-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாகவே நிறுத்திவிட்டது. சுயதொழில் செய்பவர், நடத்தும் தொழிலுக்கான படிப்பு என்றால் கழிக்கலாம். மற்றவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டு, பயணத்துக்கு இல்லை.

"அந்த 2,000 மைலை எடுத்துடுப்பா" என்றேன்.

"எல்லாரும் போடறாங்க தாத்தா. யாரு பாக்கப் போறாங்க?"

"கீழே கையெழுத்து போடறது நீதானே? யூனிஃபார்ம் போடற பையன் நீ. சரி, பயிற்சிக்குப் போன தேதியெல்லாம் எங்கே எழுதி வச்சிருக்கே?"

எழுதி வைக்கவில்லை. மாதம் ஒன்று என்று 12-ஆல் பெருக்கியிருக்கிறான். பயிற்சி வருகைப் பட்டியல், பெட்ரோல் பில், கார் சர்வீஸ் பில்லில் இருக்கும் மீட்டர் எண் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, போனிலேயே மாதம் மாதமாக ஒப்பிட்டோம். ஆகஸ்ட் வந்ததும் அவனே நிறுத்தினான். "தாத்தா, மூணு தடவை ஃப்ரெண்டு கார்ல போனேன்." அந்த மூன்றையும் அடித்தோம்.

மிச்சம் 9 பயணம், 2,970 மைல், 2,079 டாலர் கழிவு. இந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. அவன் 12 சதவீத வரி கட்டுகிறவன், மிச்சமாவது சுமார் 250 டாலர். அவன் முதலில் நினைத்ததைவிடக் குறைவுதான். ஆனால் அந்த 250-ம் யார் கேட்டாலும் காட்டக்கூடிய பணம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ரிசர்விலோ நேஷனல் கார்டிலோ இருந்தால் மூன்றே விஷயம் சொல்லுங்கள். காரில் ஒரு சின்ன நோட்டு வைத்து தேதி, இடம், காரணம், மைல் நான்கையும் அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். யூனிட் பயணப்படி தந்திருந்தால் அதைக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். கணக்குக் கொடுத்தபின் குறைந்தது மூன்று வருடம் அந்த நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பு விட்டுப்போன கழிவு இருந்தால், பொதுவாக மூன்று வருடத்துக்குள் திருத்திய கணக்கு கொடுக்கலாம். அதற்கும் அந்த நோட்டுதான் வேண்டும்.

போன வாரம் பேரன் ஒரு போட்டோ அனுப்பினான். கார் டேஷ்போர்டில் ஒரு நோட்டு, முதல் பக்கத்தில் நான்கு கட்டம். வங்கியில் நாங்கள் கோடு போட்ட மாதிரியே போட்டிருக்கிறான்.