ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியுதா? ஐசிஎல் செய்தவர்கள் கவனத்துக்கு
(புதுக்கோட்டை மாவட்ட வாசகர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டு அலுத்துப்போனவர்கள் இப்போது ஐசிஎல் அறுவை சிகிச்சையைப் பற்றி விசாரிக்கிறார்கள். லேசிக்கில் லேசரால் கருவிழியைச் செதுக்குவார்கள். ஐசிஎல்லில் அப்படிச் செதுக்குவதில்லை. கண்ணில் நிறம் தெரியும் ஐரிஸ் பகுதிக்குப் பின்னால், நம் இயற்கை லென்ஸுக்கு முன்னால், மெல்லிய லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். பவர் அதிகம் உள்ளவர்களுக்கும், கருவிழி மெல்லியதாக உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதுண்டு.

மறுநாளே பஸ் போர்டு பளிச்சுன்னு தெரியும். ஆனால் இரவு ஆனதும் எதிரே வரும் லாரி ஹெட்லைட்டைச் சுற்றி வளையம், தெருவிளக்கில் கூச்சம். "ஆபரேஷன் தப்பாப் போச்சோ?" என்று மனசு பதறும். பெரும்பாலும் அப்படி இல்லை. அதே சமயம், எல்லாத்தையும் "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடவும் கூடாது. எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வளையம் ஏன் வருது?

இப்போது பரவலாக வைக்கும் லென்ஸின் நடுவில் 0.36 மி.மீ. அளவில் ஒரு துளை இருக்கும். கண்ணுக்குள் ஊறும் நீர் இதன் வழியாக ஓடும். துளை இல்லாத பழைய வகையில், கண் அழுத்தம் ஏறாமலிருக்க ஐரிஸிலேயே தனியாகத் துளை போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பழைய வகைக்கு 2005-லும், துளை வகைக்கு 2022-லும் அனுமதி கிடைத்தது. அந்தத் துளையின் விளிம்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வளையம் தெரியலாம். அதாவது, கண்ணைக் காக்கும் துளைதான் வளையத்தையும் காட்டுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இருட்டில் நம் கண்மணி விரியும். லென்ஸில் பவர் உள்ள வட்டத்தைவிட அது பெரிதாக விரிந்தால், ஓரத்தில் நுழையும் ஒளி கூச்சம் தரும்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் மூளை பழகி இது குறைந்துவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதுவரை திருச்சி ரோட்டில் இரவில் பைக் ஓட்டுவதைத் தவிருங்கள்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

• கடுமையான கண்வலி, தலைவலி, குமட்டல், பார்வை மங்கல்: கண் அழுத்தம் ஏறியிருக்கலாம்.
• மின்னல் வெட்டுவது போல ஒளி, திடீரெனக் கரும்புள்ளிகள், திரை விழுந்தது போல மறைப்பு: விழித்திரை விலகியிருக்கலாம். பவர் அதிகமானவர்களுக்கு லென்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்த ஆபத்து உண்டு.
• தெளிவாக இருந்த பார்வை திடீரென இரட்டையாகவோ மங்கலாகவோ தெரிவது: சிலிண்டர் பவருக்கான லென்ஸ் என்றால், அது திரும்பியிருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியும்.

அறுவை சிகிச்சை திருச்சியிலோ மதுரையிலோ நடந்திருக்கலாம். நீங்கள் அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ இருப்பீர்கள். "விடியட்டும், போவோம்" என்று இருக்காதீர்கள். சிகிச்சை செய்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள்; கிடைக்காவிட்டால் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

கையெழுத்துப் போடும் முன்

இருட்டில் என் கண்மணி எவ்வளவு விரியும்? லென்ஸ் வைக்க உள்ளே போதிய இடம் இருக்கிறதா? கருவிழியின் உள் செல்கள் எத்தனை? விழித்திரையைப் பார்த்தாச்சா? இந்த நான்கையும் கேளுங்கள். இரவு நேர டிரைவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் இந்த லென்ஸை வெளியே எடுக்க முடியும். ஆனால் அதுவும் ஓர் அறுவை சிகிச்சைதான்.

லென்ஸின் மாடல், பவர், அளவு, வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் கண்புரை வந்தால் அந்த டாக்டருக்கு இது தேவைப்படும். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் செலுத்திப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குறையிருந்தால் 1915-ஐ அழைக்கலாம்.

வளையம் தெரிந்தால் பதற வேண்டாம். வலியோ மறைப்போ வந்தால் தாமதிக்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.